கீழே போகப் போக

கண்ணாடிப் பாட்டிலில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.
"பிளாஸ்டிக்ல பிடிச்சிட்டு வாங்கண்ணா."
ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
இந்த ஆளுக்கும் கண்ணாடிக்கும் பழைய பகை.

தருமபுரி. நீர்ப் பரிசோதனைக் கூடம்.
மேசைக்குப் பின்னால் தனிம அட்டவணை,
சேலத்து ரசாயனக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது.
மின்விசிறிக் காற்றில் அடித்து அடித்து
வலது ஓரம் ஒரு விரல் அகலம் கிழிந்துவிட்டது.
எட்டும் நிரம்பி யாரிடமும் எதுவும் கேட்காத
மந்த வாயுக்கள் போய்விட்டன.
ஒன்று குறைந்தவர்கள்தான் இப்போது கடைசி.

புளோரின் உச்சியில். ஆளில் சின்னது, பசியில் பெரியது.
அடுத்தது குளோரின், ஊராட்சித் தொட்டியில் அதன் வாசனை.
புரோமினை நான் கல்லூரியில் ஒரே நாள் பார்த்தேன்,
செங்கபிலமாய், கண்ணெரிய.
அதற்கும் கீழே உப்புப் பாக்கெட்டில் பெயர் போட்ட அயோடின்.
படி இறங்க இறங்க உடம்பு பருக்கும்
கவர்தன்மை தளரும்.
பரீட்சையில் இதை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினேன்.

பாலக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து வேடியப்பன் வருவார்.
முந்நூறு அடியில் இருந்தபோது ஒன்று புள்ளி நான்கு.
அது வற்றி, எழுநூறில் இரண்டு புள்ளி இரண்டு.
இன்று மூன்றாம் முறை.
ஆயிரத்து எண்பது அடி, வண்டிக்காரனுக்குக் கடன் பாக்கி,
கையில் ஒரு லிட்டர் பாட்டில்
கிணற்றின் குளிர்ச்சி இன்னும் போகாமல்.

சோதனைக் குழாயில்
சிர்கோனியமும் சாயமும் சேர்ந்து சிவந்து நிற்கின்றன.
அவர் தண்ணீரை ஊற்றுகிறேன்.
புளோரைடு வந்து சிர்கோனியத்தை அழைத்துக்கொண்டு போகிறது,
சண்டை இல்லை, சத்தம் இல்லை.
விடப்பட்ட சாயம் மஞ்சளாய் வெளுக்கிறது.
கருவி மூன்று புள்ளி ஒன்பது என்கிறது.

"ஆழம் போனா சுத்தமா இருக்கும்னாங்களே மேடம்?"

சுவரைப் பார்க்கிறேன்.
அங்கே கீழே போகப் போகப் பசி அடங்கும்.
இங்கே பாறை.
நம் கருங்கல்லுக்குள் தண்ணீர் எத்தனையோ காலம் ஊறிக் கிடந்து
கால்சியத்தைத் தொலைத்து, சோடியத்தைச் சேர்த்துக்கொள்கிறது.
கால்சியம் இரண்டு கையாலும் பிடித்து
புளோரைடை அடியில் உட்கார வைத்துவிடும்.
சோடியத்துக்கு ஒரு கைதான், அதுவும் தளர்ந்த பிடி,
"போய் வா" என்று விட்டுவிடும்.
அது மோட்டார் ஏறி, குடத்தில் இறங்கி, சோற்றில் வெந்து
முளைக்கும் பல்லுக்குள் போகும்.
அங்கே ஹைட்ராக்சைடுக்கு என்று ஓர் இருக்கை.
குளோரைடு உட்கார்ந்தால் இடுப்பு இடிக்கும்.
இதற்கு மட்டும்
அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

இதில் ஒரு வரியும் நான் அவரிடம் சொல்லவில்லை.
"குடிக்க வேணாம்ணா" என்றேன்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை.
பேசும்போது திறந்த என் வாயைப் பார்த்தார்.
"நீங்க பென்னாகரம் பக்கமா?"

சாயம் இல்லை, கருவி இல்லை.
அடையாள அட்டைப் படத்தில்
உதட்டை இறுக்கி வைத்திருக்கிறேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறும்வரை
ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனது
அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.
ஆமாம் என்றேன்.
அவர் சிரித்தார். முன்பற்களில்
குறுக்கே பழுப்புக் கோடுகள்,
என்னுடையதைப் போலவே, இன்னும் கொஞ்சம் ஆழமாய்.

"ஒகேனக்கல் குழாய் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது.
அதைப் பிடிச்சுக் குடிக்கிறோம்.
இதைத் தக்காளி குடிக்கட்டும்."
கொஞ்சம் நின்று,
"ஆயிரத்து இருநூறு போட்டா?"

பதிவேட்டில் 'உகந்ததல்ல' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
தலையை மட்டும் ஆட்டினேன்,
வேண்டாம் என்றா, தெரியவில்லை என்றா,
எனக்கே சரியாகத் தெரியாமல்.

மீதித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி
பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்.
மாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டுமாம்.