மாதிரிக் கையொப்பம்

இன்று மாலை ஐந்து மணியோடு
என் கையெழுத்து செல்லாது.

பாந்த்ரா குர்லா வளாகம், பதினேழாம் மாடி.
மனிதவளத்திலிருந்து வந்த பையன் நச்சிகேத்
அட்டையின் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு கிழித்துவிட்டு
காலை மிதித்துவிட்டவனைப் போலச் சிரித்தான்.

எண்பத்தொன்பதில் போட்டது அது.
க. மங்கையர்க்கரசி,
ஓரெழுத்து விடாமல், தமிழில்,
கடைசிச் சுழி மட்டும் கட்டத்துக்கு வெளியே.
"எந்த மொழியானாலும் சரி அம்மா,
எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்"
என்றார் கோட்டைக் கிளை மேலாளர் பெஸ்தோன்ஜி.
முயன்றேன்.

பத்து வருடம் கழித்து
ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு படிவம்
குடும்பப் பெயர் கேட்டது.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன்.
காலிக் கட்டத்தைக் கணினி விழுங்க மறுத்தது.
முன்னால் நின்ற 'க'வைப் பிரித்துப்
பின்னால் போட்டேன்: கலியமூர்த்தி.
அன்றிலிருந்து அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.
மிஸ் கலியமூர்த்தி, உங்கள் கருத்து?
மிஸ் கலியமூர்த்தி, வட்டி விகிதம் இன்னும் இறங்குமா?
துறைமுகத்தில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
சயான் கோலிவாடாவில் கால் நீட்டிப் படுத்த மனுஷனை
சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும்
எழுப்பி எழுப்பிக் கேட்டார்கள்.

அவருக்கு வங்கிக் கணக்கு இல்லை.
பிஷி இருந்தது.
இருபது பேர், மாதம் நூறு ரூபாய்,
முதல் ஞாயிறு, சலவைக் கடைக்கு மேலே இருந்த அறை.
எழுபத்தெட்டில் இசக்கிமுத்து என்பவன்
முதல் சீட்டை எடுத்த கையோடு மெட்ராஸ் மெயில் ஏறினான்.
அவனைச் சேர்த்துவிட்டவர் அப்பா.
எதிலும் ஒப்பமிடவில்லை.
"நம்ம பையன்தான்" என்று சொல்லியிருந்தார்,
அவ்வளவுதான்.
பத்தொன்பது மாதம் இரண்டு சீட்டுக் கட்டினார்,
தன்னுடையது ஒன்று, ஓடியவனுடையது ஒன்று.
அந்தக் காலத்துச் சாம்பாரில்
பருப்பு இருந்ததா என்று
எனக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை.

லண்டன், இரண்டாயிரத்தெட்டு, செப்டம்பர்.
கடன் இடர்ப் பிரிவுக்கு நான் தலைவி.
மூழ்கிய ஒப்பந்தங்களில் பதினொன்றில்
அந்தச் சுழி இருந்தது.
நாற்பத்தொரு பேரின் பெயரை நான்தான் வாசித்தேன்.
அட்டைப் பெட்டிகள் முன்கூட்டியே வந்திருந்தன,
எல்லாம் ஒரே அளவு.
சட்டத்துறை ஒரு வரி அனுப்பியது:
தனிநபர் எவருக்கும் பொறுப்பில்லை.
அதை அச்செடுத்து, நாலாய் மடித்து,
கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஜனவரியில் போனஸ் வந்தது.
குறைவாக வந்ததே என்று வருத்தப்பட்டேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் சொன்னேன்,
புரியும்படி, சின்னச் சின்ன வாக்கியமாக.
முழுக்கக் கேட்டுவிட்டு
"அப்ப யாரு கட்டுறா?" என்றார்.
லைன் சரியில்லைப்பா என்றேன்.
லைன் நன்றாகத்தான் இருந்தது,
அவர் பின்னால் குக்கர் விசில் அடித்ததுகூடக் கேட்டது.

இன்று கண்ணாடியில் செய்த கப்பல் ஒன்று கொடுத்தார்கள்.
மும்பையிலிருந்து மூன்று கண்டங்களுக்கு என்று
தலைவர் திரையில் தோன்றிப் பேசினார்.
கைதட்டல். பிஸ்தா கேக்.
ஜன்னலுக்கு வெளியே மிட்டி ஆறு,
ஆறு என்று சொன்னால் நம்பலாம்.

கீழே வாசலில் ராம்சூரத் வழிமறித்தார்,
பன்னிரண்டு வருடமாய் எனக்கு சலாம் வைப்பவர்.
அடையாள அட்டை இல்லாதவர் யாரானாலும்
பதிவேட்டில் எழுத வேண்டுமாம்.
பெயர். வந்த நேரம்.
யாரைப் பார்க்க வந்தீர்கள்?
நூலில் கட்டிய பேனாவோடு நின்றேன்.
"அதை விடுங்க மேடம், சும்மா ஒரு கையெழுத்து."
போட்டேன்.

டாக்சிக்காரன் எங்கே என்று கேட்டான்.
கோலிவாடா என்று வாய்வரை வந்தது.
வொர்லி என்றேன்,
கப்பலை மடியில் வைத்துக்கொண்டு.