வெற்று எடை

குடும்பக் காடி என்றுதான் சொன்னார்கள்.
ஐந்து சீட், சைக்கிளை அப்படியே படுக்கவைக்கலாம் போன்ற பூட்.
விற்றவர் கோலப்பிலாவில் பள்ளிக்கூட வாத்தியார், அஸ்மான்.
பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து வெளியூர் போய்விட்டன,
இனி இவ்வளவு பெட்ரோல் யாருக்கு என்றார்.

பானெட்டின் நெற்றியில் வாய்போல் ஒரு திறப்பு.
"இது எதுக்கு?" என்று கேட்டார் பரஞ்சோதி.
"காத்து குடிக்க" என்று சொல்லிவிட்டுச்
சாவியை என் கையில் வைத்தார் அஸ்மான்.

ஜுவாசே ரோட்டில், செம்பனை லோரி ஒன்றின் பின்னால்,
மிதித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
கூப்பிட்டது காதில் விழாத பிள்ளைபோல் சும்மா இருந்தது.
அப்புறம் எங்கோ ஒரு விசில்.
அப்புறம் லோரி கண்ணாடிக்குள் போய்ச் சின்னதாகிவிட்டது.
மேல் கைப்பிடியை விடாமல் பரஞ்சோதி
"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார்.
பல வருடம் கழித்து அன்றுதான் சிரித்தேன்
என்றால் பொய்.
ஆனால் சிரித்தேன்.

பன்னிரண்டு வருடக் காடிக்கு பேங்க் கடன் தராது.
சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
காப்பு இரண்டு இன்னும் அடகுக்கடையில்.
பகாவில் எங்கள் தாமான் முழுக்க ஒரே கேள்வி:
வேலைக்கும் வீட்டுக்கும் ஒன்பது கிலோமீட்டர்,
அதுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற காடியா?
மழை மாதத்தில் மில்லுக்குப் போகும் செம்மண் பாதையை
அவர்கள் பார்த்ததில்லை.
சரி, அது மட்டும் காரணமில்லை.

ஓட்டி வந்ததும் இஞ்சினை அணைக்கக் கூடாது,
டர்போ ஆற ஒரு நிமிஷம் கொடு என்றான் மெக்கானிக் ஆ சோங்.
தினமும் ஆறரைக்கு, வாசலில்,
உறுமும் காடிக்குள் தனியே உட்கார்ந்திருக்கிறேன்.
எனக்கும் அவருக்கும் சண்டையென்று
எதிர்வீட்டுக் கமலவேணி முடிவுகட்டிவிட்டாள்.
நான் விளக்கவில்லை.
அந்த நிமிடத்தை யாரோடும் பங்குபோட மனமில்லை.

மார்ச்சில் செம்பனை மட்டையின் முள் ஒன்று
பின்டயரின் விலாவில் ஏறியது.
ஒட்டுப் போட முடியாத இடம்.
ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதாம்.
ஒன்று புதுசு, மூன்று தேய்ந்தது என்றால்
நடுவிலிருக்கும் பெட்டி குழம்பிவிடுமாம்,
எந்தக் கால் வழுக்குகிறதென்று தெரியாமல்
தன்னையே அரைத்துக்கொள்ளுமாம்.
நாலும் மாற்று, ஆயிரத்து நானூறு வெள்ளி.
அன்றிரவு பரஞ்சோதி சோற்றைத் தள்ளிவைத்துக் கணக்குப் பார்த்தார்.
லோகிதாவின் பல்கம்பி அடுத்த மாதத்துக்குப் போனது,
என் காப்பு அதற்கும் அடுத்த மாதத்துக்கு.
யுவனேஷ் மட்டும்
பழைய டயரில் ஊஞ்சல் கட்டலாமா என்றான்.

மில்லில் நான் எடை மேடைக் கிராணி.
பதினாறு வருடமாக ஒவ்வொரு லோரியையும் இரண்டு தரம் நிறுக்கிறேன்,
பழத்தோடு ஒரு தரம், கொட்டிவிட்டு ஒரு தரம்.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.

ஒரு ஞாயிறு, ஆளில்லாத மேடையில்
புது டயரோடு காடியை ஏற்றினேன்.
காவலுக்கு நின்ற தாபா ஏனென்று கேட்காமல்
பொத்தானை அமுக்கினான்.
நாலு பேரும் உள்ளே: ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
எல்லாரும் இறங்கினோம்: ஆயிரத்து ஐந்நூற்று இருபது.
"அதுல நான் எவ்வளவு?" என்றான் யுவனேஷ்.
மேடை அதைப் பிரித்துச் சொல்லாது.

எடைச்சீட்டை டேஷ்போர்டு அறைக்குள் வைத்தேன்.
அங்கே அஸ்மானின் மகள் மறந்துவிட்டுப் போன
மஞ்சள் கிளிப் ஒன்று கிடக்கிறது,
எறிய நினைத்து எறியாதது.

திரும்பும்போது ரோடு காலி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பரஞ்சோதி தானாகவே
மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.