டைட்டானியம் ஒன்று, கந்தகம் ஒன்று

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும்
புரொஜெக்டரை அணைக்கவில்லை நான்.
விண்கல் சீவலில் ஒரு துகள்.
தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு வராது.
டைட்டானியம் ஒன்று, கந்தகம் ஒன்று,
அவ்வளவுதான் அதன் குடும்பம்.

டைட்டானியம் நமக்குப் புதிதில்லை, கலியவரதா.
தேவனாம்பட்டினத்தில் அலை உள்வாங்கும்போது
கறுப்பாய் மிஞ்சுமே மணல்,
உன் செருப்பில் ஒட்டி வீடுவரை வருமே,
அதில் இருக்கிறது.
கந்தகத்தைச் சொல்லவே வேண்டாம்.
ஷிஃப்ட் முடிந்து நீ சட்டையைக் கழற்றிப் போட்டால்
துணிக்கொடியே இருமும்.

ஒரே வாசற்படியில் கிடந்தும்
இரண்டும் சேர்வதில்லை.
காற்று முந்திக்கொள்கிறது.
பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி
இதனிடம் கொஞ்சம், அதனிடம் கொஞ்சம் பேசி
ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுகிறது.

பூமி திரள்வதற்கும் முன்னால்
ஆக்ஸிஜன் அருகிய ஏதோ ஒரு வெக்கையில்
இவை சேர்ந்திருக்கின்றன.
பார்த்தவர் இல்லை.
கல் மட்டும் வைத்திருந்தது.

குடிகாட்டிலிருந்து இன்றைக்கும் நீ வரப் பத்தாகும்.
வந்ததும்
ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்கப்போகிறேன்.
புழுங்குமே என்பாய்.
புழுங்கட்டும்.