மீதிப் புலம்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில்
முதலில் வடக்கைத்தான் தேடினேன். பழக்கம்.
'பார்வைப் புலம், வலது கண்' என்று போட்டிருந்தது.
பத்தொன்பது வருஷமாக நான் வரைவதும் புலப்படம்தான்:
கோத்தகிரி, நெடுகுளா, கட்டபெட்டு,
தேயிலைச் சரிவில் சங்கிலி இழுத்து
கல்லுக்குக் கல் கணக்கு.

இந்தப் படத்தில்
மூக்கோரத்து எல்லை கறுத்திருந்தது.
ஓடைப் புறம்போக்கில் வருஷத்துக்கு ஒரு வரிசை
தள்ளித் தள்ளி நடுகிறவனைப் போல
யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.
சத்தமில்லை. வலியில்லை.
நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அழுத்தம் முப்பத்து நாலு என்றார் டாக்டர் ஷெரின்.
பர்லியாறு இறங்கும்போது காது அடைத்ததே, அதனாலா?
அவர் சிரிக்கவில்லை.
"இல்லை" என்றார், எழுதிக்கொண்டே.
"போனது போனதுதான். ஆபரேஷன், மிச்சத்துக்கு."

எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் இதை:
ஆக்கிரமிப்பை எடுக்க என்னால் ஆகாது அய்யா,
இருக்கிற எல்லைக்குக் கல் காட்டித் தருகிறேன்.
அவர்கள் முகம் விழும்.
எனக்கு அது தாமதமாகத்தான் பட்டது,
அடுத்த மனுவுக்கு.

வெள்ளைவிழியில் சின்னதாய் ஒரு மடை வெட்டினார்கள்.
மேல் இமைக்கடியில் ஒரு கொப்புளம்;
நீர் அங்கே வந்து வடிகிறது.
குனியாதே. தூக்காதே. இருமினாலும் பார்த்து இருமு.
இரண்டு மணிக்கொரு சொட்டு.
அலாரம் அடித்ததும் எட்வின்
சப்பாத்தி மாவுக் கையோடு ஓடி வருவார்,
"கையைக் கழுவிட்டு" என்று நான் கத்த.

முதல் வாரம் நாலு. ரொம்பக் குறைவாம்.
கதவு நிலை நெளிந்தது,
காலண்டரில் கட்டங்கள் நெளிந்தன.
ஜன்னலில் வெள்ளையாக எதையோ பார்த்து
"வெளியே மூடுபனியா?" என்பேன்.
"வெயில்" என்பார், மெதுவாக.
ஒரு செவ்வாய்க்கிழமை,
"ஆமா, எதிர் வீடே தெரியலை" என்றார்.
அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

பிறகு ஒன்பது. பிறகு பன்னிரண்டில் நின்றது.
கண்புரை எடுத்த ஜூலியட் அக்கா
மறுநாளே சுவரில் பல்லியின் விரல் தெரிந்ததாம்.
"உனக்கு இப்போ நல்லாத் தெரியுதா?"
எனக்கு எதுவும் கூடவில்லை.
குறையாமல் இருப்பதற்குத்தான் இத்தனையும் என்று
ஆரஞ்சுப் பையோடு வந்தவரிடம்
எப்படிச் சொல்ல?
தெரியுதுக்கா, என்றேன்.

மூன்றாம் மாதம் கன்னேரிமுக்கில் ஓர் அளவை.
ரோட்டைக் கடக்கும் கோழியாக
தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நடக்கிறேன்.
கல் வந்ததும் பெள்ளியே குனிந்து
மண்ணைத் துடைத்தான்.
"அந்த நாலு வரிசை எங்கப்பா வெச்சதும்மா"
என்றார் மனுதாரர் மாதன். "வராதா?"

வராது, என்றேன்.

அவர் அந்த நாலு வரிசையைப் பார்த்தபடி நின்றார்.
பெள்ளி சங்கிலியைச் சுருட்டி முடித்துவிட்டான்.
கட்டபெட்டு மனு பதினொரு மணிக்கு.
பையில் அலாரம் அடித்தது.
பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி
அண்ணாந்து ஒரு சொட்டு விட்டுக்கொண்டு
கண்ணை மூடி நின்றேன்,
அவர் பார்த்து முடிக்கட்டும் என்று.