முப்பத்தேழாவது வரிசை

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
ஊர் ஊராய்த் திரிகிறவர்களுக்காக
தாலின் நகரத்தில் ஒருவர் அட்டவணை போடுகிறார்.
நாற்பத்தோரு ஊர்கள், பத்தொன்பது கட்டங்கள்.
வரிசைக்கு ஆறு யூரோ.
துபாய் முப்பத்தேழாவது. அது என் பங்கு.

காப்புச்சினோ என்ன விலை?
மெட்ரோ பக்கத்துக் கடையில் போய்ப் பார்த்தேன்.
இருபத்திரண்டு திர்ஹாம்.
பார்த்ததோடு சரி.
எங்கள் கட்டடத்துக்குக் கீழே கரக் சாயா ஒன்றரை.
சாயாவுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

சராசரி பியர்:
எங்கள் பக்கம் விற்பதே இல்லை, சாலை தாண்டிக் கேட்டு எழுதினேன்.
கடற்கரைக்கு எத்தனை நிமிடம்:
வெள்ளிக்கிழமை காலையில் இருபது.
மற்ற நாள் கடல் இருப்பதே நினைவில்லை.
இணைய வேகத்தை இரவு பத்து மணிக்கு அளந்தேன்,
ஏழு பெண்கள் போட்டிமில்
ஏழு வீடுகளோடு பேசும் நேரம்.
கம்பெனி சொன்னதில் கால்வாசி.

பிறகு வாடகைக் கட்டம்.
"ஒரு படுக்கையறை, நகர மையம்."

நாங்கள் இருப்பது அல் நஹ்தா.
சாலைக்கு அந்தப்பக்கம் துபாய், இந்தப்பக்கம் ஷார்ஜா.
காலை ஆறரைக்கு எல்லாரும் துபாய்க்காரிகள்,
இரவில் திரும்பவும் ஷார்ஜா.
நடுவில் ஓடும் சாலையின் அகலம்
மாதம் நானூறு திர்ஹாம் என்பாள் சில்வேனியா.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை,
எதையும் அளந்து சொல்லிப் பழகியவள்.

படுக்கையறை ஒன்றுதான், பொய்யில்லை.
அதில் மூன்று அடுக்குக் கட்டில், ஆறு பேர்.
ஹாலில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் கீழக்கரை சபூரா,
ஜன்னலுக்காக நூறு கூடக் கொடுப்பவள்.
மேல்கட்டிலுக்கு ஐம்பது குறைவு.
நான் மேல்கட்டில்.
ஏசிக்கு நேர் எதிரே
ஆகஸ்டிலும் போர்வை போர்த்தி உறங்கும்
ஆடம்பரம் எனக்கு உண்டு.

"என்னடி போடட்டும்?"
"ஆறாயிரம் போடு, வெள்ளைக்காரன் சந்தோஷப்படுவான்."
சபூராதான்.
சில்வேனியா போனிலிருந்து தலை தூக்காமல்
இன்றைக்கு ரேட் என்ன என்றாள்.
எங்களுக்கு விலை என்றால் அந்த ஒரு எண்.
ரூபாய் விழும் நாளில்
ரோலாவில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை,
எல்லார் முகத்திலும் வெளியே சொல்லமுடியாத ஒரு சந்தோஷம்.

அறுநூற்றைம்பது என்று போட்டேன்.
குறிப்பு: கட்டில் ஒன்றுக்கு.
தண்ணீர், கரண்டு, கேஸ் சேர்த்து.
அடுப்பு எனக்குச் செவ்வாய், சனி.

பத்து நிமிடத்தில் தாலினிலிருந்து பதில்:
"இந்த எண் மற்றவற்றோடு ஒட்டவில்லை.
பிழை என்று நீக்குகிறேன். சரிதானே?"

சரி என்றேன். ஆறு யூரோ ஆறு யூரோதான்.
விளம்பரங்களைக் கூட்டி, வகுத்து
யாரும் குடியிராத ஒரு சராசரியை வைத்தேன்.
பால்கனி உண்டு அதற்கு, நீச்சல்குளமும்.

கடைசிக் கட்டம்.
தனிமை, ஒன்று முதல் பத்து வரை.
தடுப்புக்கு அப்பால் சபூரா இருமினாள். இரண்டு என்று போட்டேன்.
அழித்து, எட்டு.
மறுபடி இரண்டு.

மூடப் போகையில் பார்த்தேன்.
பன்னிரண்டாம் வரிசை, சியாங் மாய்.
பெயர் தெரியாத யாரோ. ஊதா நிறக் கர்சர்
வாடகைக் கட்டத்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தது.
ஒரு எண் விழுந்தது. மிகச் சின்ன எண்.
நீங்கியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
திரும்பவும் அதே எண்.

கீழ்க்கட்டிலில் சில்வேனியா அலாரம் வைக்கிறாள், நாலரைக்கு.
திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
மூடவில்லை.