வெல்டர் எனில்

சொஹார். ராத்திரி ஒன்றே முக்கால்.
கப்பல் பட்டறைக்கு ஆள் பிரிக்கும் நிரல்
நாலாம் தடவையாக நின்றுவிட்டது.
காரணம் சிலுவைமுத்து.
ஆளை நான் பார்த்ததில்லை.
வரிசை எண் 3117, அவ்வளவுதான் பழக்கம்.

பழைய நிரலுக்கு ஒரே கேள்விதான் தெரியும்:
நீ வெல்டர் வகையா?
அவர் பத்தாக்காவில் 'தோட்டக்காரர்' என்றிருக்கிறது.
ஈரச் சட்டையை உதறுவதுபோல்
ஆளை உதறிவிட்டு
மேலே போக வழியில்லாமல் நிற்கிறது.

போன மாதம் இருபத்தாறு ராத்திரி
கப்பலின் அடிவயிற்றில் மல்லாந்து கிடந்து
பொறி பறக்கவிட்டவர்
இந்தத் தோட்டக்காரர்தான்.
ஓவர்டைம் கணக்கு சொல்கிறது.

நான் சார்பு முறையில் எழுதப் பழகியவள்.
அங்கே குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை.
'ஒட்டு' என்றொரு சார்பு உன்னிடம் இருக்கிறதா,
கூப்பிட்டால் வருமா, வெறும் பெயர்ப்பலகையா,
அதற்குமேல் எனக்கென்ன.

மூன்றே வரி. ஓட்டினேன்.
சிலுவைமுத்து தேறினார்.
கூடவே
கிடங்கில் லேபிள் போடும் இயந்திரமும் தேறியது.
அதனிடமும் 'ஒட்டு' இருக்கிறதே!
கப்பலுக்குக் கீழே
பசை டப்பாவோடு அது படுத்திருப்பதை நினைத்து
யாருமில்லாத அறையில் சத்தமாகச் சிரித்தேன்.

ஆக, பெயர் பொருந்தினால் போதாது.
எதை வாங்கும், எதைத் தரும் என்றும் கேட்கவேண்டும்.
இரண்டு இரும்பு கொடுத்தால் ஒரு இரும்பு.
அதையும் சேர்த்தேன். இயந்திரம் வெளியேறியது.

அப்போதும்
பற்று சீராக விழுமா, உப்புத் தண்ணீர் கசியுமா,
எந்தச் சோதனையும் சொல்லாது.
ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குப் 'பொருள்' என்று தமிழில் பெயர் வைத்தவர்
இந்தப் பக்கம் வந்துபோனவராக இருக்கவேண்டும்.
பொருளுக்காகப் பிரிந்துவந்த பொருள்கள் நாங்கள்.
கஃபீலைச் சார்ந்த சார்புகள்.
அட்டையில் ஒன்று,
கையில் ஒன்று.

ஏசி சொட்டுகிறது, வாளி நிரம்பப் பார்க்கிறது.
மனிதவளத்திலிருந்து தன்வீரா சேதி அனுப்பியிருக்கிறாள்:
காலையில் ஆய்வாளர்கள் வருகிறார்கள்,
பத்தாக்கா எல்லோர் கழுத்திலும் தெரியவேண்டும்.

பையில் துழாவி என்னுடையதை எடுத்தேன்.
தொழில்: தையற்காரி.

ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்கு வராது.
நல்லவேளை,
அவர்கள் ஓட்டிப் பார்ப்பதில்லை.