மறுபக்கம்

உருக்காலையில் எனக்குக்
குறை கண்டுபிடிக்கிற வேலை.
குழல்விளக்கின் கீழே தகடு ஓடும்.
கீறல், குழி, உருளைத் தடம், அமிலக் கறை.
குறை இல்லாத இடத்தில்
என் முகம் ஓடும்.
அதைப் பதிவதில்லை.

மகள் பிறந்த மூன்றாம் நாள்
மார்பெல்லாம் சிவப்புத் திட்டுகள்,
திட்டின் நடுவே மஞ்சள் முனை.
எறும்பு என்றார் அடுத்த கட்டில்காரர்.
தொட்டில் துணியை உதறி உதறித் தேடினேன்.
சாயங்காலம் மார்பு வெறிச்சென்றிருந்தது,
தொடையில் முளைத்திருந்தது.
இடம் மாறும் குறைக்கு
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

மூக்கின் மேல் வெள்ளைப் பொடிமணிகள்,
சேகோ மில் சல்லடையில் நழுவிய
நொய் ஜவ்வரிசி.
கிள்ளப் போன விரலைத்
தட்டிவிட்டாள் சுகந்தி.
கணுக்காலில் தோல் உரிந்தது
வெங்காயச் சருகாய்.
'இத்தனை மாசம் தண்ணியில கிடந்தவ,
காயறா. விடுங்க.'

விட்டேன்,
பதினோராம் நாள் காலை வரை.
அன்றுதான் முதல்முறை
குளிக்க வைக்க என் கையில் கொடுத்தாள்.
குப்புறத் திருப்பினேன்.
இடுப்புக்குக் கீழே
உள்ளங்கை அகலம்
நீலம்.

ஆலையில் ஒருபக்கம் மட்டும் பார்த்து
ஒரு தகட்டையும் அனுப்பியதில்லை நான்.
இவளைப் பதினோரு நாளாகத்
திருப்பியே பார்க்கவில்லை.
ஆனால் வாயில் வந்தது வேறு:
'எப்பக் கீழ போட்ட?'

வாளித் தண்ணீர் ஆறும்வரை
சுகந்தி என்னைப் பார்த்தாள்.
பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

ஐந்து ரோடு கிளினிக். டோக்கன் முப்பத்தொன்று.
டாக்டர் ரெஹானா நீலத்தைக்
கட்டைவிரலால் அழுத்தினார்.
குழந்தை கொட்டாவி விட்டது.
'அடின்னா இந்நேரம் அலறியிருப்பா.
நாலு நாள்ல பச்சையாகும், மஞ்சளாகும்.
இது கூடவே பிறந்த நிறம்.
நம்ம பிள்ளைகளுக்கு நிறையப் பேருக்கு உண்டு.
பள்ளிக்கூடம் போறதுக்குள்ள
பெரும்பாலும் கரைஞ்சிடும்.'

பேனாவைத் திறந்தார்.
'தடுப்பூசி அட்டையில குறிச்சுத் தர்றேன்.
நாளைக்கு யாராவது
அம்மாவைச் சந்தேகப்பட்டுக் கேட்டுடக் கூடாது பாருங்க.'

சுகந்தி அட்டையை வாங்கி
நான்காய் மடித்தாள்.
ஆட்டோவில் அவள் பக்கம்
கஞ்சமலை வந்துகொண்டே இருந்தது.

அன்று இரவு ஷிஃப்டில்
ஒரு சுருளை நிறுத்தி
மறுபடி ஓட்டச் சொன்னேன்.
இன்னொரு முறையும்.
'என்ன சார் தெரியுது?' என்றான் இயக்குபவன்.
தகட்டில் ஒன்றும் இல்லை.

இப்போது சித்திரை.
மின்வெட்டு.
கழுத்து மடிப்பில் வேர்க்குரு
மிளகாய் விதையாய்ச் சிவந்து கிடக்கிறது.
பரிசாய் வந்த மூன்று பவுடர் டப்பாவும்
பரண்மேல்.
பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நனைத்து
நான் துடைக்கிறேன், அவள் விசிறுகிறாள்.

'தேய்க்காதீங்க.
ஒத்துங்க.'

கிளினிக்கிலிருந்து வந்தபின்
என்னிடம் அவள் பேசிய முதல் சொல்.

ஒற்றுகிறேன்.